குளிர் நாட்டுப் பனையும் தீவகத்து வடலியும்

2024 செப்ரெம்பர் முதலாம் திகதியிலிருந்து சுவிற்சர்லாந்தில் ஒருவகைப் பனையை விற்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுக்கவும் முடியாது, எல்லை தாண்டிக் கொண்டுவரவும் முடியாது. ஏற்கெனவே தோட்டத்தில் நிற்பது நிற்கலாம். ஆனால் பழம் பழுக்க முன்னர் குலையை வெட்டிவிடும்படி அதிகாரிகள் கேட்டுக்கொள்கிறார்கள். நாட்டின் தெற்கில், இத்தாலி எல்லையோரம் இருக்கும் தெசீன் மாநிலத்துக்கு இந்த மரம் ஓர் அடையாளம். லொகார்னோ, லுகானோ ஏரிக்கரைப் படங்கள் எதை எடுத்தாலும் அது நிற்கும். வடக்கே ஜெர்மன் பேசுகிறவர்கள் அதற்குத் 'தெசீன் பனை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் தடை வந்தபோது பெரிய வாக்குவாதமும் வந்தது. மலைச்சரிவுக் காட்டை அது விழுங்குகிறது என்றார்கள் காட்டியலாளர்கள். ஏரிக்கரையின் அழகே அதுதானே என்றார்கள் மற்றவர்கள்.

அந்த நாட்டில் வாழும் ஈழத்தமிழரில் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலிருந்து போன தீவகத்தார் கணிசம். புங்குடுதீவிலோ வேலணையிலோ காணி வைத்திருக்கும் ஒருவர் லுகானோவில் வீடு வாங்கியிருந்தால், அவருடைய நிலைமை வேடிக்கையானது. அங்கே அந்தப் பனையை விற்பது குற்றம். இங்கே அனுமதி இல்லாமல் பனை தறிப்பது குற்றம். இரண்டு அரசாங்கங்களும் அறிவியலைத்தான் சாட்டாகச் சொல்கின்றன, இரண்டு பக்கமும் பிழை இல்லை. ஒரே குடும்பத்து மரங்கள் ஓரிடத்தில் களையாகவும் இன்னோரிடத்தில் காவல் வேண்டிய செல்வமாகவும் எப்படி ஆகின்றன என்பதுதான் இந்த அத்தியாயம்.

தெசீன் பனை நம்முடைய பனை அல்ல. அதன் அறிவியல் பெயர் ட்ரக்கிகார்பஸ் போர்ச்சூனை, தாயகம் சீனா. சீனத்திலும் ஜப்பானிலும் அதன் அடிமரத்தைச் சுற்றியிருக்கும் தும்பை உரித்துக் கயிறு திரித்தார்கள், தூரிகை கட்டினார்கள், மழைக்குப் போர்த்தும் மேலங்கி பின்னினார்கள். நாகசாக்கிக் கரையோரம் டெஜிமா என்ற குட்டித் தீவில் ஒல்லாந்தர் வைத்திருந்த வணிக நிலையத்தில் மருத்துவராக இருந்தவர் பிலிப் பிரான்ஸ் பொன் சீபோல்ட். அவர்தான் 1830இல் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து அவர் குடியேறிய ஊர் லைடன். 1849இல் ரொபேட் போர்ச்சூன் சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு மேலும் கன்றுகள் அனுப்பினார். மரத்தின் பெயரில் இருப்பவர் அவர்தான்.

லைடன் என்றதும் ஊர்காவற்றுறைக்காரருக்குக் காது நிமிரும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் குளிர் நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறையும் வேலணையும் அல்லைப்பிட்டியும் இருக்கும் தீவு லைடன், நெடுந்தீவு டெல்ப்ற். பெயர்கள் இந்தப் பக்கம் வந்தன, செடிகள் அந்தப் பக்கம் போயின. இலங்கையில் கும்பினி மருத்துவராக இருந்த போல் ஹேர்மன் பிறகு லைடன் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். அவர் இங்கே சேர்த்த உலர்செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். ஆனால் நம் பனை எந்த லைடன் தோட்டத்திலும் திறந்த வெளியில் நிற்க முடியாது. சீனப்பனை நிற்கும். வேறுபாடு எங்கே இருக்கிறது?

பனைக்கு, தென்னைக்கு, கமுகுக்கு, எல்லாவற்றுக்கும் குருத்து ஒன்றுதான். அடிமரத்தின் உச்சியில், ஓலை மட்டைகளின் நடுவே பொதிந்திருக்கும் அந்தப் பிரியிழையம்தான் மரத்தின் வளர்ச்சி முழுவதும். வேம்பின் தலையை வெட்டினால் பக்கத்தில் நாலு கிளை வெடிக்கும். பனையின் தலையை வெட்டினால் கதை முடிந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தைப் படம் பிடித்தவர்கள் எல்லாரும் எடுத்த படம் ஒன்று உண்டு: ஷெல் விழுந்து தலை போன மொட்டைப் பனைகள், வரிசையாக. தண்டு முழுசாக நிற்கும், வேர் நல்லாக இருக்கும், மரம் செத்திருக்கும். உறைபனி செய்வதும் அதே வேலைதான். குருத்துக் கலங்களுக்குள் நீர் உறைந்து சவ்வு கிழிந்தால், வெளியில் ஓலை பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே முடிந்துவிடும்.

இரண்டாவது பலவீனம் இன்னும் ஆழமானது. பனைக்கு மாறிழையம் இல்லை. மற்ற மரங்கள் ஆண்டுக்கு ஒரு வளையமாகப் புதுக் காழ் போட்டுப் பருக்கின்றன. பழைய குழாய் அடைபட்டால் புதியது இருக்கும். பனை அப்படி அல்ல. தண்டு எவ்வளவு பருமன் ஆகவேண்டுமோ அவ்வளவும் மண்மட்டத்தில், சின்ன வயசிலேயே தீர்மானமாகிவிடும். பிறகு மேலே போவது மட்டும்தான். அன்று போட்ட நீர்க்குழாய்களே கடைசிவரை. நீர் உறைந்து பிறகு உருகும்போது குழாய்க்குள் காற்றுக் குமிழி தங்கிவிடும். அந்தக் குழாய் இனி நீரேற்றாது, மாற்றுக் குழாயும் வராது. குளிர்நாடுகளில் பனைக் குடும்பம் அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

சீனப்பனை இந்தக் குடும்பத்தில் விதிவிலக்கு. வளர்ந்த மரம் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை செல்சியஸ் வரைக்கும் சிறிது நேரம் தாங்கும். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனியிலும் வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. நம் பனை அந்தப் பரீட்சைக்கு இருந்ததே இல்லை. அதற்கு வைக்கப்பட்ட பரீட்சைகள் வேறு: கோடை, உப்புக் காற்று, சுண்ணாம்புக் கல், நெருப்பு.

மாறிழையம் இல்லாததில் ஒரு நன்மையும் இருக்கிறது. 2012இல் பரி ரொம்லின்சன், பிறெற் ஹகெற் என்ற இரு தாவரவியலாளர்கள் பனைக் குடும்பத் தண்டின் உட்கலங்கள் மரம் உள்ளவரை உயிரோடு இருக்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார்கள். நூறு வயசுப் பனையின் அடியில் இருப்பது நூறு வயசுக் கலம், அதுவும் உயிருள்ள கலம். உயிரோடு இருப்பதால் அது தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும். தண்டின் வெளிவட்டம் ஆண்டுக்காண்டு கறுத்து இறுகுவது இதனால்தான். வளை, சிலாகைக்கு வைரம் ஏறிய முதுமரம் தேடுகிறவர்களுக்குக் கல அமைப்பு தெரியவேண்டியதில்லை. தச்சனின் உளி சொல்லும். போரில் பதுங்குகுழிக்குத் தறித்துப் போனவை அந்த வகை மரங்கள்தான். இன்று ஒரு கொட்டை ஊன்றினால் ஒரு தலைமுறைக்குள் அந்த மரம் திரும்பி வராது. தண்டில் பட்ட காயமும் ஆறாது. மேலே மட்டும் வளர்வதால் அது ஏறிப்போகவும் மாட்டாது. 1990இல் நெஞ்சளவில் பாய்ந்த சன்னத்தின் துளை இன்றைக்கும் நெஞ்சளவில்தான் இருக்கும்.

இனித் தெசீனுக்குப் போவோம். தோட்டத்து மரம் காட்டுக்குள் எப்படிப் போனது? 2007இல் கியான் ரேட்டோ வால்தரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதைக் காலநிலையோடு முடிச்சுப் போட்டது. குளிர்கால வெப்பநிலை ஏறியது, வளரும் பருவம் நீண்டது. தோட்டத்தில் நெடுங்காலம் அடங்கி நின்ற மரத்தின் விதைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டுக்குள் முளைத்து நிலைக்கத் தொடங்கின. பழத்தைக் குருவிகள் தூக்கிப்போகின்றன. குளிர்காலத்தில் அங்கத்தைய காட்டு மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். பனை பச்சையாக நிற்கும். மேல்மறைப்பு இல்லாத வெயில் முழுவதும் அதற்கே. (காலம் இன்னும் பின்னால் போனால் இது வியப்பே இல்லை. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஆர்க்ரிக் கடலடிப் படிவுகளில் பனைக் குடும்பத்து மகரந்தம் கிடைத்திருக்கிறது. வடதுருவத்தை அண்டிய கரைகளில் அன்று பனைகள் நின்றன.)

காலநிலை ஒரு பாதி விளக்கம். மறுபாதி பற்றி அந்த வாக்குவாதத்தில் போதியளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். சீனத்தில் அதே மரத்தை ஆண்டுதோறும் தும்புக்கு உரித்தார்கள், அதற்கென்று தோட்டம் வைத்தார்கள். தெசீனில் அதை யாரும் உரிப்பதில்லை. யாருக்கும் கயிறு வேண்டாம், மழையங்கி வேண்டாம். மரம் வந்தது, மரத்தின் வேலை வரவில்லை. பழம் முழுவதும் குருவிக்குப் போனது.

இரு மரங்களுக்கும் பொதுவான ஒரு சங்கதி உண்டு: ஆண் வேறு, பெண் வேறு. அப்படியானால் ஆண்மரத்தை மட்டும் வைத்தால் பழமும் இல்லை, பரவலும் இல்லை என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் பூக்கும்வரை எது எது என்று பார்வையில் பிடிக்க முடியாது. நம் பனை பாளை விடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு செல்லும். 1678இல் வெளியான மலபார் தாவர நூலின் முதல் பாகத்தில் ஆண்பனையும் பெண்பனையும் இரண்டு வெவ்வேறு மரங்கள்போலத் தனித்தனிப் பெயரோடு இருக்கின்றன. கன்றிலேயே பால் அறிய மரபணுக் குறி தேடும் ஆய்வுகள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. கொட்டை ஊன்றுகிற கமக்காரர் கைக்கு அது இன்னும் வரவில்லை.

தெசீனில் பழம்தான் தொல்லை. தீவகத்தில் பழம்தான் பலன். ஆவணி, புரட்டாதியில் பழம் விழத் தொடங்கும். களியைப் பிசைந்து பனாட்டுப் போட்ட பிறகு கொட்டை மிஞ்சும். வளவின் மணற்பாங்கான மூலையில் மண்ணை முழங்கால் அளவுக்கு மேல் கூட்டிப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மண் தூவி விடுவார்கள். ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

பாத்திக்குள் நடப்பது தாவரவியலில் ஓர் அதிசயம். அவரை விதை முளைத்தால் முளை அந்த இடத்திலேயே மேலே வரும். பனங்கொட்டை அப்படி முளைப்பதில்லை. அதன் வித்திலையிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து நேரே கீழே இறங்கும். முளையத்தைத் தன் நுனியில் ஏந்திக்கொண்டு ஒரு முழம், அதற்கும் மேல் இறங்கி, அங்கே போய்த்தான் வேரும் தளிரும் பிரியும். கொட்டைக்குள் மிஞ்சும் வித்திலைப் பகுதி பஞ்சுபோல ஊதி உணவை உறிஞ்சி அனுப்பும். பிள்ளைகள் கொட்டையை வெட்டித் தின்னும் பூரான் அதுதான். கீழே இறங்கிய மாச்சத்து முதல் இலையைச் சுற்றித் திரண்டு கிழங்காகும். தை, மாசியில் பாத்தியைக் கிண்டினால் விரலளவு பருமனில் நீண்ட கிழங்குகள், மேலே ஊமல்கள். கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல், அதை இடித்தால் கூழுக்கு மா. ஊமல் அடுப்புக்கு.

குழந்தையை நிலத்துக்குள் இறக்கி ஒளித்துவைக்கும் இந்த ஏற்பாடு வறண்ட நிலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. நெருப்பு மேலால் போய்விடும். நெடுந்தீவுக் குதிரையும் மாடும் மேலே வந்த ஓலையைக் கடித்தாலும் குருத்து ஆழத்தில் இருக்கும். தண்டு வெளியே தெரியப் பல ஆண்டு செல்லும். அதற்குள் மரம் கீழேயே பருமன் கட்டிக்கொள்ளும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிழங்கு என்பது மரமாக இருந்த ஒன்று. ஊரார் கொட்டையைப் பொறுக்கிப் பாத்தி போட்டால், விழுந்த கொட்டையில் மிகப் பெரும்பங்கு வயிற்றுக்குப் போய்விடும். தப்பியதும், வேலியோரம் வேண்டுமென்று ஊன்றியதும் மரமாகும். எத்தனை பனை, எந்த எல்லையில், எவ்வளவு நெருக்கத்தில் என்பதைத் தீர்மானித்தது மண்ணும் மழையும் மட்டும் அல்ல, வாயும்தான். பழைய பனங்கூடல்கள் இயற்கையாக வந்தவை என்று நினைப்பது பாதி சரி.

1990–91இல் போரால் லைடன் தீவும் புங்குடுதீவும் வெறுமையானபோது இதற்கு ஒரு பரிசோதனை, யாரும் கேட்காமலே, நடந்தது. கொட்டை பொறுக்க ஆள் இல்லை. ஓலை வெட்ட, காவோலை இழுக்க, கள்ளுச் சீவ ஆள் இல்லை. விழுந்த இடத்தில் கொட்டை முளைத்தது. முற்றத்தில், கிணற்றடியில், கூரை போன வீட்டின் குசினிக்குள்ளும் வடலி எழுந்தது. பல ஆண்டுகளின் பின் காணி பார்க்க வந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கவே வடலியை வெட்டி உள்ளே போகவேண்டியிருந்தது. கருக்கு மட்டை கையைக் கிழிக்கும். காய்ந்த ஓலைக்கு ஒரு நெருப்புக்குச்சி போதும், வடலிக்காடு முழுவதும் பற்றும். தெசீன் மலைச்சரிவில் நடந்ததும் வேலணை வளவில் நடந்ததும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. ஓரிடத்தில் மரம் அந்நியம், மற்றதில் சொந்தம். இரண்டிலும் பழத்துக்கு ஆள் இல்லை.

அதனால்தான் தீவகத்தில் இன்று பனை பற்றிய பேச்சு ஒரே திசையில் போவதில்லை. குடாநாட்டில் போரில் இழந்த பனைக்கு ஈடாக ஊன்ற வேண்டும் என்று ஒரு சாரார். வடக்கு மாகாணத்தில் கார்த்திகை மரநடுகை மாதம். பாடசாலைப் பிள்ளைகளும் சங்கங்களும் வீதியோரத்திலும் கடற்கரையிலும் கொட்டை ஊன்றுகிறார்கள். வடலி வெட்ட ஆள் பிடிக்கவே காசு போதவில்லை, இன்னும் ஊன்றுவதா என்று காணிக்காரர். தென்னை வைத்தால் ஆறேழு வருசத்தில் தேங்காய், பனை வைத்தால் பேரப்பிள்ளைக்குத்தான் என்று மற்றொருவர். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபைக்கும் கைதடியில் இயங்கும் பனை ஆராய்ச்சி நிறுவகத்துக்கும் இந்த மூவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் வேலை.

அறிவியல் இதில் சில இடங்களில் தெளிவாகப் பேசும். முதலாவது, மேடையில் வைத்துப் படம் எடுக்கும் பைக்கன்று பனைக்கு ஏற்றதல்ல. முளைக்குழாய் ஆழம் தேடுகிற செடியைக் குட்டைப் பைக்குள் அடைத்தால் முளை வளையும், கிளப்பும்போது முறியும். நிற்கப்போகும் இடத்திலேயே, மாரிக்கு முன், கொட்டையாக ஊன்றுவதே மேல். இரண்டாவது, பனை நிலத்தடி நீரை ஊறவைக்கும் என்று மேடைகளில் சொல்வதை அப்படியே எடுக்கக்கூடாது. தீவுகளில் நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றருக்கு நன்னீர் இருக்கும். மேலே அரை மீற்றர் இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு இருபது மீற்றர் ஏறும். எந்த மரமும் நீரைக் குடித்து ஆவியாக்கும், பனையும் அப்படியே. தீவுக்கு அது செய்யும் உதவி வேறு: அதற்கு யாரும் இறைத்து ஊற்ற வேண்டாம். அதன் நார்வேர்க் கற்றை மணலைப் பிடித்து வைத்திருக்கும். தென்னையோடு ஒப்பிட்டால் மிச்சமாவது கிணற்றுத் தண்ணீர்.

மூன்றாவது, எண்ணிக்கை. 2021இல் தமிழ்நாட்டு வேளாண் வரவுசெலவுத் திட்டம் 76 இலட்சம் பனங்கொட்டை வழங்குவதாக அறிவித்தது. வங்கதேசம் 2016இல் மின்னலை இயற்கை அனர்த்தமாக அறிவித்த பிறகு, உயரமான மரம் இடியை வாங்கிக்கொள்ளும் என்று வீதியோரங்களில் இலட்சக்கணக்கில் கொட்டை ஊன்றியது. 2022இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மரம் உயரமாக வளர முப்பது நாற்பது ஆண்டு செல்லும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் திட்டம் தொடங்கிய நாளிலும் உண்மையாகத்தான் இருந்தது.

ஊன்றிய கொட்டையை எண்ணுவது இலகு. எண்ண வேண்டியவை வேறு: மரமேறத் தெரிந்தவர், பாத்தி போடுகிற வீடு, ஒடியல் வாங்குகிற கடை. சீவல் தொழிலைச் சாதியோடு கட்டிவைத்து இழிவாகப் பேசிய சமூகம் இது. அந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் மரத்தை விட்டு இறங்கியதில் அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எழுபதுகளில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைக்காரரிடமிருந்து அவர்களை ஓரளவு மீட்டன. ஏறும்போது காப்புக் கயிறு, விழுந்தால் காப்புறுதி, நியாயமான விலை ஆகியவை இல்லாமல் வீதியோரப் பனை வரிசை என்பது இருபது ஆண்டுகளின் பின் யாரும் ஏறாத மரங்களின் வரிசையாகத்தான் இருக்கும். விழும் பழத்தில் வாகனம் சறுக்கும், கொட்டை மதகுக்குள் முளைக்கும், வீதி அதிகார சபை தறிக்க அனுமதி கேட்கும்.

ஊன்றுவதானால் நான் இடம் பார்ப்பது இப்படி. ஆள் இருக்கும் வளவின் எல்லையில் முதலில். பாத்தி போட்ட வீட்டில் கிழங்கு கிண்டும்போது ஒரு கரையைக் கிண்டாமல் விட்டு, அடுத்த மாரிக்குள் அதை ஐதாக்கி. மண்கும்பான், அல்லைப்பிட்டிப் பக்கம் மணல் அள்ளிப் பள்ளமான இடங்களில் நெருக்கமாக, அங்கே மணலைப் பிடிப்பதுதான் வேலை, பழம் இரண்டாம் பட்சம். ஆணா பெண்ணா என்று தெரியாது என்பதால் தேவைக்கு இரண்டு மடங்காக ஊன்றிவிட்டு, பாளை வந்த ஆண்டில் கூடுதலான ஆணைத் தறித்துக்கொள்ளலாம். அப்படித் தறிக்க அனுமதி கேட்டுப் போகிறவரைப் பனைக்குப் பகைவர்போல நடத்தாத ஒரு விண்ணப்பப் படிவம் முதலில் வேண்டும்.